பதினான்காம் பாகத்தின் நான்காவது அத்தியாயம்

ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் கடைசிப் பக்கம்வரை வாசித்த பிறகே அடுத்ததைக் கையில் எடுப்பேன். நல்ல புத்தகமா, மோசமான புத்தகமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. ஐயா, இதைத் தாங்கள் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. நடந்தவை யாவும் இந்த ஒரு பழக்கத்திலிருந்தே வந்தவை.

கோவில்பட்டியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. என்னைப் பற்றி விசாரிக்க விரும்பினால் மதுரைப் பேருந்தின் நடத்துநர் பூவனநாதனைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பில் ஒரு கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மிச்சத்த நாளைக்கு எழுதுதேன் டீச்சர்" என்றான். பள்ளி மணியடிக்கும் இரும்புக் கம்பியால் அவன் வலது கை விரல் முட்டியில் ஒருமுறை அடித்தேன். ஆள்காட்டி விரல் வளைந்தபடியே நின்றுவிட்டது. இன்றும் அந்த விரலோடுதான் பயணச்சீட்டுக் கிழிக்கிறான். ஆனால் அன்றே கட்டுரையை இடக்கையால் எழுதி முடித்தான். என்னிடம் இன்றுவரை மரியாதையாகவே நடந்துகொள்கிறான்.

பள்ளிக்கு மின்சார மணி வந்தபோது, பழைய மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் அந்தக் கம்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டில் தொங்கவிட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் அடி. அது தொடக்கம். நான்கு மணிக்கு இரண்டு அடி. அது முடிவு. இடைப்பட்ட நேரத்தில் சந்தனமேரியும் நானும் வாசித்தோம்.

சந்தனமேரி எங்கள் பள்ளியின் தையலாசிரியை. கணவரை இழந்தவள், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எனக்குக் கணவரும் இல்லை, மக்களும் இல்லை. அதை ஒரு குறையாக நான் கருதியதில்லை. இருவரும் ஓய்வுபெற்ற ஆண்டில், தொண்ணூற்றாறில், 'வெண்கலப்பதி' என்ற மாயாஜாலத் தொடரின் முதல் பாகம் வந்தது. ஆண்டுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றையும் பூவனநாதனே மதுரையிலிருந்து வாங்கி வருவான். ஓர் அத்தியாயம் நான் உரக்க வாசிப்பேன், அடுத்தது அவள். ஏழு ஆண்டுகளில் அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

தொடர் ஒரே தரத்தில் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் தளபதி தன் தம்பியின் தலையை வெட்டிக் கோட்டை வாயிலில் வைக்கும் இடம் பதினொரு பக்கம். ஒரு சொல் மிகையில்லை. சந்தனமேரி அழுதாள். மறுபடியும் வாசிக்கச் செய்தேன். ஆறாம் பாகம் முழுவதும் ஒரு கல்யாண விருந்து. ஒன்பதாம் பாகத்தில் அந்தத் தம்பி தலையோடு திரும்பி வருகிறான். எப்படி என்று ஒரு வரி இல்லை. அதிலிருந்தே அவள் முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"எக்கா, அறுத்த தலையை ஒட்டவச்சது யாரு? நாந்தான் தையல் டீச்சரு, எங்கிட்டக்கூட ஒரு வார்த்த கேக்கலயே" என்பாள்.

நானும் சிரித்திருக்கிறேன்.

சென்ற கார்த்திகையில், பதினான்காம் பாகம் வந்த மறுநாள், கோயம்புத்தூரிலுள்ள மகள் ஜெயஷீலா தன்னை நிரந்தரமாக வந்துவிடச் சொல்வதாகச் சந்தனமேரி தெரிவித்தாள். நல்லது என்றேன். அந்த வாரம் மண்வேலை செய்யும் சிவனாண்டியை வரவழைத்துக் கொல்லையில் ஒரு குழி வெட்டச் சொன்னேன். முருங்கைக் கொம்பு ஊன்றுவதற்காக. மழையில் கரிசல் இளகியிருந்தது.

"முருங்கைக்கு இடுப்பளவு குழி எதுக்கு டீச்சர்? ஆனையவா பொதைக்கப் போறீய?" என்றான்.

அந்தக் குழிக்கும் பின்னர் நடந்ததற்கும் தொடர்பில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் புறப்படும் ஏற்பாட்டில் ஒரு வாரமாக வாசிக்க வராதிருந்த சந்தனமேரி, அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்குச் சற்று முன்பாக வந்தாள். கையில் பெட்டி இருந்தது. தெருவில் எல்லாரும் தீப்பெட்டி ஆலைக்குப் போயிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்க்கா. பேரன் பெனோவுக்குப் பரீட்ச வருது, மவ தனியா கெடந்து அல்லாடுதா."

"பதினான்காம் பாகத்தில் பத்துப் பக்கந்தான் ஆகியிருக்கிறது" என்றேன்.

"அத விடுங்கக்கா. இன்னும் எட்டு பாகம் இருக்காம். அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம். எழுதுதவன் ஒரு குதிரைக்கே மூணு பேரு வச்சிட்டான். எனக்கு என்னைக்கோ சலிச்சுப்போச்சு. நீங்க வருத்தப்படுவியளேன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்."

"தொடங்கியதைப் பாதியில் விடக்கூடாது."

"விட்டா என்ன, சாமி கண்ணக் குத்திருமா? நீங்க படிச்சிட்டுப் போன்ல கதையச் சொல்லுங்க, போதும்."

மணியடிப்பதற்காகக் கம்பியைக் கையில் எடுத்திருந்தேன். அவள் செருப்பு மாட்டக் குனிந்தாள். அன்று தண்டவாளத்தில் அடிக்கவில்லை. பின்மண்டையில் ஓர் அடி.

அவள் இறக்கவில்லை. சுவரோரமாகச் சரிந்து, "எக்கா... தண்ணி" என்றாள். காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் ஆட்டோ நிற்கும். பத்து நிமிடத்தில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு மணி ஆகியிருந்தது. தொடக்கத்துக்கான அடியும் விழுந்துவிட்டது.

நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது அத்தியாயத்தை வாசித்தேன். அது என் முறை. முப்பது பக்கம், ஒரு முற்றுகைப் போர். கொதிக்கும் எண்ணெயைக் கோட்டை மேலிருந்து ஊற்றுகிறார்கள். பரவாயில்லாமல் எழுதியிருந்தார். இடையில் இருமுறை அவள் காலை உதைத்தாள். நிறுத்திவிட்டு, அடங்கியபின் தொடர்ந்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. கதையைக் கேட்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். நாற்பதாம் பக்கத்தில் அத்தியாயம் முடிந்தபோது நான்கு மணி ஆக இருபது நிமிடம் இருந்தது. காத்திருந்தேன். நான்கு மணிக்கு எழுந்து, நெற்றியில் இரண்டு அடி அடித்தேன்.

மெலிந்த உடம்பு. பாயில் வைத்து இழுத்தேன். குழியில் அவளை வைத்து, அவள்மேல் பெட்டியையும், பெட்டியின்மேல் அவள் செபமாலையையும் வைத்தேன். பிறர் பொருளை நான் எடுத்துக்கொள்வதில்லை. மண்ணைத் தள்ளி முருங்கைக் கொம்பை ஊன்றினேன். அவளைக் காணவில்லை என்று தாங்கள் விசாரிக்க வந்தபோது, அவள் பேருந்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னேன், தாங்களும் நம்பினீர்கள். ஜெயஷீலா வந்து என் மடியில் விழுந்து அழுதாள். சுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தேன்.

கரிசல் காய்ந்தால் வெடிக்கும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அதனால் நாள்தோறும் இரண்டு குடம் ஊற்றி மண்ணை ஈரமாகவே வைத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சுதாராணி, "முருங்கைக்குத் தாலாட்டு ஒண்ணுதான் பாடல டீச்சர்" என்று கேலி செய்வாள். இந்தச் சித்திரையில் குழாயில் இருபத்திரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. குடிப்பதற்கே இல்லாதபோது முருங்கைக்கு எங்கே ஊற்றுவது? மண் ஒரு சாண் அகலத்துக்கு வாய் திறந்தது. சுதாராணியின் கோழிக்குஞ்சு வெடிப்புக்குள் விழுந்தது. அவள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். கையோடு வந்தது செபமாலை.

ஆம், சந்தனமேரியைக் கொன்றவள் நான்தான். அவள்மீது எனக்குக் கோபமில்லை. அவள் போவதைப் பற்றியும் எனக்கு ஒன்றுமில்லை. யாரும் எங்கும் போகலாம். தொடங்கிய புத்தகத்தை முடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான்.

அந்தப் புத்தகத்தைச் சான்றுப்பொருளாகத் தாங்கள் எடுத்துச்செல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேசைமேல் இருக்கிறது. பூவனநாதன் சென்ற வாரம் கொண்டுவந்து கொடுத்த பதினைந்தாம் பாகமும் பக்கத்திலேயே உறை பிரிக்காமல் இருக்கிறது. பதினான்காம் பாகத்தில் பக்க அடையாளமாக நான் வைத்த தையல் நூலை மட்டும் எடுத்துவிட வேண்டாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கும். ஐந்து மாதமாக அங்கேயே இருக்கிறது. நான்காவது அத்தியாயம் அவளுடைய முறை.