பட்டாளத்து டின்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஐயா. மருந்துப் புட்டியிலிருந்து வருமானவரிக் கடிதம் வரைக்கும் நான்தான் படித்துச் சொல்லுவேன். நான் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

என் கணவர் அருள்ஜோசப்புக்குப் பத்து வருடமாக ஆஸ்துமா. மூச்சு அடைத்துக்கொண்டால் டிரைவர் ராயப்பன் காரை எடுப்பார். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆறு முறை போனோம். ஆறு முறையும் பிழைத்தார். திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா சீலி, உன்ன விட்டுட்டுப் போயிருவனா," என்று சிரிப்பார். அன்பாகத்தான் சொல்லுவார். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பத்து வருடத்தில் அவர் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

மேலுமலை ஏற்றத்தில் எங்கள் கார் கொதித்துவிடும். என் கணவரை வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுமோ என்று ராயப்பனுக்குப் பயம். போன மாதம், பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் பெங்களூர்க் கடையிலிருந்து இரண்டு டின் வாங்கி வந்தார். பனிமலையில் போகும் லாரிகளின் ரேடியேட்டரில் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுவது. வெயிலில் கொதிக்காமலும் காக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம்.

"நம்ம கெழட்டு வண்டிக்கு இது அல்வாங்கம்மா," என்றார். "ரெண்டும் வேற வேறயாட்டம் இருக்குது. படிச்சுச் சொல்லுங்க, எத ஊத்தட்டும்?"

படித்தேன். ஒன்று சாராய வகை. சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும், கோடைக்கு முன் வடித்துவிட வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. மற்றதை வருடம் முழுக்க வைக்கலாம், எளிதில் கொதிக்காது. அந்தச் சின்ன எழுத்தைப் படித்தபோது எனக்குக் கோபமோ துக்கமோ வரவில்லை. எங்காவது போய் உட்காரலாம் போலிருந்தது.

சாராய டின்னைக் காட்டினேன். மற்றதைக் கிணற்றடியில் வைக்கச் சொன்னேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துவரலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஏழாவது முறை. நல்ல மே மாத வெயில். மேலுமலையில் பாதி ஏறுவதற்குள் ஆவி பீறிட்டுக் கார் நின்றுவிட்டது. ராயப்பன் தண்ணீர் தேடி ஓடினார். வண்டியைச் சரியாகப் பார்க்காமல் ஓர் உயிரைப் போக்கினார் என்று இப்போது அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். நான் காட்டியதைத்தான் அவர் ஊற்றினார். அவரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராயப்பன் தண்ணீருக்குப் போன பிறகு ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏத்துங்கம்மா, நானும் ஒரு கை புடிக்கறேன். அரை மணியில ஓசூர் ஆஸ்பத்திரில உட்டுர்றேன்."

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பேச முடியவில்லை; என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எங்கள் சொந்தக்காரர் கார் வருகிறது என்று சொல்லி லாரிக்காரரை அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு கார் இல்லை.

ஜல்லி லாரி, ஐயா. அந்தத் தூசு அவருக்கு ஆகாது. அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான்.