கதவோட உள்பக்கம்

இல்ல மாப்ள, உக்காருங்க. கதவு இன்னும் ரெடியாவல. டீ சொல்லியிருக்கேன், வந்துடும். ஒரு மத்தியானம் உங்க பேன்சி கடைய மூடினா இன்னா கொறஞ்சிடப் போவுது? என் பொண்ணு வூட்டு பீரோ கதவாச்சே, அள்ளித் தெளிச்ச மாதிரி செய்ய முடியுமா?

தோ, இதான் கதவுக் கீலுக்குக் குழி போடற மிஷினு. ஆசிரமம் பக்கம் குடியிருந்த ஜெர்மன்காரருக்கு அலமாரி செஞ்சு குடுத்தேன், ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு. முன்ன உளிய வச்சு அர நாளு தட்டணும். இப்ப சுவிட்சப் போட்டா சர்ருனு வட்டமா குழி விழுது. கீலு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், வெளிய தெரியாது. ஆனா முக்கா அங்குலப் பலகைல அர அங்குலந்தான் வெட்டணும். ஜாஸ்தி போனா அந்தாண்ட பொத்துக்கும். வெரலு குறுக்க வந்தா வெரலும் போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

இருங்க, இன்னொரு குழி போட்டுடறேன்.

ஆங், இன்னா கேட்டீங்க? எப்ப முடியுமா? முடிஞ்சிடும், முடிஞ்சிடும். ஜாஹிரா வூட்லதானே இருக்கா? தூங்கறாளா? சரி, தூங்கட்டும். சின்னதுல இருட்டுன்னா அவ்ளோ பயம் அதுக்கு. கரண்டு போனா ஓடியாந்து என் லுங்கியப் புடிச்சிக்கும்.

அந்த பீரோ நிக்காவுக்கு நான் என் கையால செஞ்சது மாப்ள. நல்ல தேக்கு. பழைய கீலு ஏழு வருசத்துல அசையக் கூடாது. தானா கழண்டுச்சுனு சொல்லி அனுப்பினீங்க. தானா கழண்டா ஸ்குரு ஆடி ஆடி ஓட்ட பெருசாவும். இது மரத்தோட பேத்துக்கிட்டு வந்திருக்கு. உள்ள இருந்து தள்ளினாத்தான் அப்டி வரும். கெட்டியான கீலு வேணும், வெளிய ரெண்டு தாப்பா வேணும்னீங்க. உள்ள இருந்த தட்டெல்லாம் கழட்டிட்டீங்கனு கதவக் கொண்டாந்த வண்டிக்காரரு சொன்னாரு. நீளமான சேலை தொங்கவிடவா? இருக்கட்டும்.

இந்தப் புதுக் கீலப் பத்தி உங்களுக்குத் தெரியல, அதான் தப்பாப் போச்சு. பெயிண்டு அடிக்கறவன் வெளிப்பக்கம் பாப்பான். தாப்பா போடறவனும் வெளிப்பக்கந்தான். இதுக்கு மட்டும் கதவத் திருப்பிப் போட்டு, உள்பக்கம் குழி வெட்டணும்.

திருப்பிப் போட்டேன் மாப்ள.

கீழ, உக்காந்தா கையெட்டற ஒசரத்துல, தேக்கச் சொரண்டி வச்சிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் சொரண்டல் இல்ல அது. இடுக்குல ஒரு நகம், மருதாணியோட. நான் பெத்த புள்ள நகம்.

எழுந்துக்காதீங்க. டீ ஆறுது பாருங்க. வெளில ஆளுங்க நிக்கறாங்க, உங்களுக்காகத்தான். நீங்க இங்க வந்து உக்காந்ததும், உங்க மாமியாரு பீபி ஜான் ரிக்‌ஷா எடுத்துக்கிட்டு உங்க வூட்டுக்குப் போயிட்டா. நம்ம பட்டறை ஆளு சுப்பிரமணி உளியோட கூடப் போயிருக்கான். வாசல்ல நீங்க போட்டுட்டு வந்த பூட்டு அவனுக்கு ஒரு தட்டு.

மணிச் சத்தம் கேக்குதா? ரிக்‌ஷாதான். எம்பொண்ணு வந்துட்டா.

இந்தப் பலகையா? இது உங்க கதவு இல்ல மாப்ள, சும்மா கழிவுக் கட்டை. இதுல பதினோரு குழி போட்டுட்டேன் உங்கள உக்கார வைக்க. உங்க கதவு காலைலயே பள்ளிவாசலுக்குப் போயிடுச்சு. ஜமாத்தாருங்க உள்பக்கம் தெரியற மாதிரி சாச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. டீயக் குடிங்க, போலாம்.