பொழுது சாஞ்சா ஒரே விளக்கு

அம்மா: ஐயோ, கொட்டிடாதடி! துணி அலசின தண்ணி. மாடிச் செடிக்குப் போகணும்.

மகள்: இந்தத் தோள் வலியோட வாளி தூக்கப் போறியா?

அம்மா: நான் எங்க தூக்கறேன்? படி வரைக்கும்தான். அங்கேருந்து உங்கப்பா.

மகள்: அவருக்கு முழங்கால் வலின்னு...

அம்மா: எனக்குத் தோளு, அவருக்கு முழங்காலு. ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு ஆளு தேறும்.

மகள்: ஒரு குழாய் போட்டுட்டா தீர்ந்துது.

அம்மா: போடலாம்... போடலாம்...

மகள்: இந்தப் பை... அப்பா சட்டை மாதிரி இருக்கே?

அம்மா: மாதிரி என்ன, சட்டையேதான். காலர் கிழிஞ்சுது, பையாச்சு. பை கிழிஞ்சா அடுப்படித் துணி. அதுவும் நைஞ்சா தரை துடைக்க. இந்த வீட்டுல எதுக்கும் ஓய்வு கிடையாது, என்னையும் சேர்த்து.

மகள்: சலிப்பா இருக்காம்மா?

அம்மா: சலிச்சுக்கக்கூட கொஞ்சம் தெம்பு வேணும்ல... நகரு. அந்த உரத்தொட்டிக் காய்த்தோலு மேல இலையைப் போட்டு மூடணும். இல்லேன்னா ஈ மொய்க்கும்.

மகள்: உள் ரூம்ல சுவிட்சைப் போட்டேன், எரியலையே?

அம்மா: பல்பு இருந்தாதானே எரியும்.

மகள்: இன்னுமா! பொழுது சாஞ்சா ஒரே ரூம், ஒரே விளக்கு, ஒரே ஃபேன்... அது நான் அஞ்சாவது படிக்கும்போது கொண்டுவந்த சட்டம்மா!

அம்மா: சட்டம் போட்டவ வேலைக்குப் போயிட்டா. மாட்டிக்கிட்டது நாங்க.

மகள்: சரி, நானே எடுத்துடறேன். நாளைக்கே எல்லா ரூமுக்கும் பல்பு வாங்கிட்டு வரேன். நீ உள்ள, அப்பா இங்க... அவங்கவங்க இஷ்டத்துக்கு இருங்க.

அம்மா: அது கரண்ட் மிச்சம் பண்ண உன் டீச்சர் சொன்ன சட்டமாச்சே. நீ எப்படி எடுப்பே?

மகள்: ஆமா... டீச்சர்தான்... சொன்னாங்க...

அம்மா: அவங்க அப்படிச் சொல்லவே இல்லையாமே?

மகள்: உனக்கு... யாரு சொன்னா?

அம்மா: ரூமை விட்டு வெளிய வந்தா ஃபேனை நிறுத்துங்கன்னாங்களாம். அவ்வளவுதான். அந்த வாரமே கேட்டுட்டேன்.

மகள்: அம்மா! அப்புறம் ஏன் என்னை ஒண்ணும்...

அம்மா: என்னன்னு கேக்கறது? ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம, 'சாப்பாடு ஆச்சான்னு உங்கம்மாவைக் கேளு', 'ஆச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு'ன்னு... நடுவுல ஓடி ஓடி உன் காலு தேஞ்சுது. அந்த வயசுல ஒரு குழந்தை எங்களை ஒரே ரூம்ல உட்கார வைக்க யோசிச்சிருக்கு. அதைப் போய்ப் பொய்னு சொல்லவா?

மகள்: அப்பாவுக்குத் தெரியுமா?

அம்மா: சொன்னேன். ரொம்ப மாசம் கழிச்சு அவருகிட்ட நேரா பேசின முதல் பேச்சே அதுதான்.

மகள்: என்ன சொன்னாரு?

அம்மா: ஸ்டூலைப் போட்டு ஏறி, மத்த ரூம் பல்பையெல்லாம் கழட்டிட்டாரு.

மகள்: ஃபியூஸ் போயிடுச்சுன்னாரே என்கிட்ட!

அம்மா: பொய் சொல்ல உனக்கு மட்டும்தான் உரிமையா?

மகள்: போம்மா... ஆனா அதுக்கப்புறம் சரியாயிடுச்சுல்ல? ஒண்ணா உட்கார்ந்து பை தைச்சீங்க, சிரிச்சீங்க... நான் பார்த்தேனே.

அம்மா: நீ பார்க்கணும்னுதான்டி.

மகள்: என்னம்மா சொல்றே?

அம்மா: மெதுவா பேசு, மேல இருக்காரு... நீ வேலைக்குப் போனதும் ஆளுக்கொரு வீடுன்னு பேசி வச்சிருந்தோம்.

மகள்: நான் போய் மூணு வருஷம் ஆச்சேம்மா...

அம்மா: ஆச்சு. உன்னை வண்டியேத்திட்டு வந்த அன்னிக்கு நான் பெட்டியைக்கூட எடுத்து வச்சேன். 'அலுப்பா இருக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாமா'ன்னாரு. எனக்கும் அலுப்பாத்தான் இருந்தது, சரின்னேன்... அந்த 'நாளைக்கு' இன்னும் விடியல.