நேரா வீட்டுக்குப் போகக் கூடாது

இல்லக்கா, வழி தெரியாம இல்ல. பதினோரு வருஷமா இந்த ஊர்ல டிரைசைக்கிள் ஓட்டறேன், மாதா கோயில ரெண்டு தடவை சுத்தினா வழி மறந்துட்டேன்னு அர்த்தமா? சரி, மூணு தடவை. எண்ணிட்டே வர்றீங்களா, பெரிய ஆளுதான்.

மூளை கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்வளவுதான். அந்த ஷாபு போதைப்பொடிய இழுத்து இழுத்து உள்ள வயரெல்லாம் தீஞ்சு போச்சு. நிறுத்தி எட்டு மாசம் ஆச்சுக்கா, நெசமா. நிறுத்தின மறுநாளே புனிதர் ஆயிடுவேன்னு நெனச்சா என் பொண்டாட்டி லுசிதா. ஆனது மரமண்டை. இன்னொரு தடவை தொட்டேன்னா கைக்குழந்தையத் தூக்கிட்டு அவ அம்மா தீவுக்குப் படகு ஏறிடுவாளாம். சொன்னா செய்யறவ.

போன மாசம் அரிசியும் வினிகரும் வாங்கிட்டு வான்னு அனுப்பினா. நான் சண்டைச் சேவல் வாங்கிட்டு வந்தேன். சிரிக்காதீங்க. வாங்கணும்னு நெனைக்கவே இல்ல, அதான் விஷயமே. கை மொதல்ல போயிடுது, புத்தி பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருது. லுசிதா அந்தச் சேவலையே அடிச்சுக் கொழம்பு வச்சா. எனக்கு ஒரு றெக்கை கூடத் தரல.

சனிக்கிழமையானா நம்ம வட்டாரத் தலைவரு, பாரங்காய் கேப்டன், எங்களையெல்லாம் கூடைப்பந்து கொட்டாயில வரிசையா நிக்க வச்சு ஜூம்பா ஆடச் சொல்றாரு. திருந்தறவனுக்கு அதான் மருந்தாம். நாப்பது தடிப்பசங்க இடுப்ப ஆட்டறோம், பெத்த அம்மாவெல்லாம் வேலி ஓரமா நின்னு வேடிக்கை பாக்குது. எனக்கு இடது எது வலது எதுன்னே பிடிபடல, எல்லாரும் அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கம் வந்து டொடோங் மேல இடிப்பேன். ஆமாக்கா, அவனேதான். இப்ப சாவு வீட்டுல பாத்துட்டு வந்தோமே, பெட்டிக்குள்ள கண்ணாடிக்கு அடியில. இஸ்திரி போட்ட சட்டையோட அவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

டாக்டரம்மா ஒரு பரீட்சை வச்சாங்க. திரையில வட்டம் வந்தா பட்டனை அமுக்கணும், கட்டம் வந்தா சும்மா இருக்கணும். சும்மா இருக்கறதுல என்ன கஷ்டம்? நானும் அப்படித்தான் கேட்டேன். கட்டம்தான்னு நல்லாத் தெரியுதுக்கா, அதுக்குள்ள விரல் எறங்கிடுச்சு. மெதுவாத்தான் சரியாகும், அது வரைக்கும் கட்டம் இருக்கற பக்கமே போகாதேன்னாங்க. டொடோங் என்னை விட நல்ல மார்க்கு. சொல்லிச் சொல்லிக் காட்டுவான், கழுதை. எனக்கு அழுகையே வரலக்கா, அவன் மேல கோவம் கோவமாத்தான் வருது.

இங்க திரும்பணுமா? இங்க வேணாம்க்கா. இந்தத் திருப்பம் மட்டும் வேணாம், இன்னொரு சுத்து போயிடறேன். காசெல்லாம் வேணாம்.

உங்களுக்குத் தெரியாததா. சாவு வீட்டுலேருந்து நேரா வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில எங்கயாவது நின்னு, ஒரு வாய் காப்பி குடிச்சு, செத்தவனைக் குழப்பி விட்டுட்டுத்தான் போகணும். இல்லேன்னா கூடவே வந்துடுவான். போன செவ்வாக்கிழமை டொடோங்கோட சித்தப்பா சாவு. அவனும் முறை தவறக் கூடாதுன்னு வழியில நின்னான். நின்னு பழகின இடத்துல நின்னான். பழைய அளவே ஷாபு இழுத்திருக்கான். உடம்பு பழைய உடம்பு இல்லியே.

நான் நின்னு பழகின இடம் எதெதுன்னு யோசிச்சுப் பாத்தேன்கா. மூணு இருக்கு. மூணுலயும் அதைத்தான் விக்கறாங்க. ஒண்ணு அந்தத் திருப்பத்துல.

மார்க்கெட்டுல கஞ்சிக் கடை உங்களுதுதான்னு சாவு வீட்டுல பேசிக்கிட்டாங்க. நேரா அங்கயே போயிடலாமா? டொடோங் கூட வந்தா வரட்டும், அங்கயே இருந்துக்குவான், கோழிக் கஞ்சின்னா அவனுக்கு உசுரு. எனக்கு ஒரு கிண்ணம் போதும். பேசக்கூட வேணாம்க்கா, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருங்க.