பாலிகாரா புறக்கணிப்புக் குழு: ஏழாவது தீர்மானம்

— காதைத் தேடாதீங்க அண்ணே, அது மரத்தூள்ல எங்கயாவது கிடக்கும். முதல்ல பையனோட கையை வெட்டுக்கட்டை மேல அமுக்கிப் பிடிங்க.

— பையன்னு சொல்லாத வாத்தியாரே. தீர்மானத்துல ‘மேற்படி நபர்’னு இருக்கு, நீதான் எழுதின. மேற்படி நபர் என் காதுல பாதியைக் கடிச்சுத் துப்பிட்டான். கூடப் பொறந்த அக்கா மகன்.

— மாமா, பெல்ட்டை அவுத்து விடு. நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேளு.

— ஏதாவது கேட்டுச்சா அண்ணே?

— எனக்கா? இருக்கறது ஒண்ணரைக் காது. அதுவும் குழுவுக்கு எழுதிக் குடுத்தாச்சு.

— நல்லது. மூணு வாரமா ஊரே அவன்கூட ஒரு வார்த்தை பேசலை. தலைவரும் செயலாளருமே அதை மீறினா அசிங்கம். குறிப்பு ஆரம்பிக்கிறேன், தப்பிருந்தா சொல்லுங்க. ‘பாலிகாரா புறக்கணிப்புக் குழுவின் அவசரக் கூட்டம், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, தலைவர் மாலக்கி அவர்களின் கறிக்கடைப் பின்கட்டில் கூடியது. செயலாளர் ஃபின்டன் முன்னிலை வகித்தார். குண்டு போடும் ஒரு நாட்டில் நடக்கவிருக்கும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு அயர்லாந்தின் சார்பில் செல்லும் பாடகரும் பிடில்காரருமான ரோனன் அவர்களைச் செல்லவிடாமல் செய்வது பொருள்.’

— அவர்களையா? ரோனன் ‘அவர்களை’யா? சுத்தியலை எடுத்து வச்சுட்டு மரியாதை என்னய்யா மரியாதை?

— குறிப்புன்னா மரியாதை வேணும் அண்ணே. உடைக்கறது வேற.

— எந்தக் கைன்னு எழுதிக்க. இடது கை. பிடில் கம்பியை அமுக்கறது அதுதான்.

— மாமா, நான் போகலை. கேக்குதா? நான் அங்க போகப்போறதே இல்ல.

— வாத்தியாரே, மேற்படி நபர் ஏதோ வாயசைக்கறாப்ல தெரியுது. ஒண்ணு கேட்டுப் பாக்கலாமா? நேரடியா இல்ல. இந்தக் கொக்கியில தொங்கற ஆட்டைக் கேக்கறேன். ஆட்டுக்கிட்ட பேசக்கூடாதுன்னு தீர்மானம் ஏதும் இல்லையே?

— ஆட்டைப் பத்தி விதி எதுவும் இல்ல. கேளுங்க.

— ஏ ஆடே, இந்த ஊர்ல ஒரு பிடில்காரன் இருக்கான். அவன் அந்தக் கொலைகார ஊருக்கு விமானம் ஏறுவானா, மாட்டானா?

— சரி, நானும் ஆட்டுக்கிட்டயே சொல்லிக்கறேன். ஏ ஆடே, அந்தப் பிடில்காரன் போன திங்கக்கிழமையே போகலைன்னு முடிவு பண்ணிட்டான். அன்னிக்கே சாராயக்கடைக்குப் போய்ச் சொன்னான். மொத்தக் கடையும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை பூசையில எழுந்து நின்னு சொன்னான். சாமியார் ஆர்கனைச் சத்தமா வாசிக்கச் சொல்லிட்டாரு. அதையே போன்ல பேசிப் படம் புடிச்சுப் போட்டான். ஊர்ல அத்தனை பேரும் அவன் நம்பரைத் தடை பண்ணி வச்சிருக்கீங்க. நேத்து டப்ளின் பத்திரிகையிலயே வந்துச்சு.

— ஆடு என்ன சொல்லுது வாத்தியாரே?

— செத்த ஆடு என்ன சொல்லும். ‘பதில் இல்லை’ன்னு போட்டுக்கறேன். தகவலுக்காக மட்டும் சொல்றேன், அந்த டப்ளின் பத்திரிகையைப் போன மாசமே புறக்கணிச்சாச்சு. அவன் பேட்டியைப் போட்டதுக்காக. மூணாவது தீர்மானம்.

— அப்போ சுண்டு விரல்ல ஆரம்பிப்போமா?

— மாமா, வேணாம். அம்மா முகத்தை நெனச்சுப் பாரு. மாமா—

— ஆச்சு.

— ‘சுண்டு விரல், பதினொன்று பதினேழு.’ அண்ணே, அவன் கத்தறது தெரு வரைக்கும் கேக்கும்.

— கேக்கட்டுமே. இது கறிக்கடை. அடுத்தது மோதிர விரல். கையை இழுக்காதடா. இல்ல, நான் உன்கிட்டச் சொல்லலை, ஆட்டுக்கிட்டச் சொன்னேன். ஏ ஆடே, கையை இழுத்தா மணிக்கட்டுல விழும். ம். ஆச்சு. இது கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு.

— நான் ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன் அண்ணே. ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடலை. எலும்பு வெளிய தெரியுது, அதான்.

— நீ பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பியே, அதை நெனச்சுக்க. தெம்பு வரும்.

— சொல்லுவேன் அண்ணே, வருஷா வருஷம் சொல்லுவேன். நூத்தி நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே மேயோ மாவட்டத்துல, இதே ஏரிக்கரையில, குத்தகை வசூலிச்ச இங்கிலீஷ்கார கேப்டனை நம்ம முப்பாட்டன்மார் துரத்தினாங்க. அடிக்கலை. வேலைக்குப் போகலை, ரொட்டி விக்கலை, தபால் குடுக்கலை, பேசலை. அவ்வளவுதான். தானா ஓடிட்டான். இங்கிலீஷ்ல புறக்கணிப்புக்கே அவன் பேருதான் பேராச்சு, உலகத்துக்கே நம்ம கத்துக் குடுத்தது.

— அவங்க ஒருத்தன் விரலையும் உடைக்கலையே சார். பாடத்துல அது வருமா?

— வாத்தியாரே, மேற்படி நபர் நக்கல் பண்றான்.

— எனக்குக் கேக்கலை அண்ணே. ஆனாலும் பொதுவாச் சொல்றேன். அவங்களுக்கு நேரம் இருந்துச்சு. அறுவடைக் காலம் முழுக்க இருந்துச்சு. நமக்கு வெள்ளிக்கிழமை விமானம் கிளம்பற வரைக்கும்தான். போன மாசம் அந்த நாட்டுக்காரன் ஒரு பள்ளிக்கூடத்து மேல குண்டு போட்டான். இருபத்தேழு பேர். என் வகுப்புல சரியா இருபத்தேழு பேர் அண்ணே. மறுநாள் வருகைப் பதிவு எடுக்கறப்ப ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டுட்டு, ‘இருக்கேன் சார்’னு வர்ற வரைக்கும் நான் மூச்சு விடலை. அங்க போய் நம்ம ஊர்க்காரன் ஜிகினாச் சட்டை போட்டுப் பாடணுமா?

— அந்தப் பள்ளிக்கூடத்துப் படத்தை நானும் போன திங்கக்கிழமை பாத்தேன் சார். அதுல ஒரு பொண்ணு பிடில் பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தா. பெட்டியில ஒரு கீறல் இல்ல. அன்னிக்கு ராத்திரிதான் நான் கடுதாசி எழுதினேன்.

— என்ன கடுதாசி? அண்ணே, நான் அவனைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன். என்ன கடுதாசி?

— நடுவிரலைப் புடி, அப்புறம் பேசலாம்.

— அண்ணே.

— ஆச்சு. மூணு. அட, துணியை எடு, சட்டையெல்லாம் ரத்தம். கடுதாசியா? என் பொண்டாட்டி நுவாலா தபாலாபீஸ்ல அவன் போடறதையெல்லாம் ஒரு மூட்டையில கட்டி இங்க கொண்டாந்து வச்சிருக்கா. அஞ்சாவது தீர்மானம்: மேற்படி நபரோட தபாலைக் கையால தொடமாட்டோம். அவ கையுறை போட்டுக்கிட்டுத்தான் எடுத்தா, அதுல குறையே சொல்ல முடியாது.

— மூட்டை எங்க?

— குளிர் அறையில. ஈரல் தட்டுக்குப் பின்னால.

— எடுத்துட்டு வாங்க அண்ணே.

— ஆள்காட்டி விரல் பாக்கி இருக்கே. பாதியில விட்டா குறிப்பு அசிங்கமா இருக்கும்னு நீதானே சொல்லுவ. ஆடே, கண்ணை மூடிக்க. ஆச்சு. இப்பப் போறேன்.

— சார். வாத்தியார் சார். உங்ககிட்டதான் ஆறாம் வகுப்பு படிச்சேன். தண்ணியாவது குடுங்க.

— ...

— பேச வேணாம். டம்ளரை இப்படித் தள்ளுங்க, போதும்.

— ...

— இந்தா வாத்தியாரே மூட்டை. மேல இருக்கறது பதிவுத் தபால். டம்ளர் எப்படி அவன் பக்கம் நகந்து கவுந்துச்சு?

— தெரியலை அண்ணே. குடுங்க. டப்ளினுக்கு, ஒலிபரப்புக்காரங்களுக்கு எழுதியிருக்கான். ‘அன்புடையீர், அந்த நாட்டில் நான் பாடமாட்டேன். எனக்குப் பதிலாக யாரையும் அனுப்பாதீர்கள், நாற்காலி காலியாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தப்படி, புதன்கிழமை நண்பகலுக்குள் என் கையெழுத்தோ குரலோ தங்களுக்குக் கிடைக்காவிட்டால் நான் வருவதாகவே பொருள் என்பதை அறிவேன். எனவே இக்கடிதம்.’ அண்ணே.

— ம்.

— புதன்கிழமை இன்னிக்குத்தான்.

— மணி என்ன?

— பதினொண்ணு நாப்பத்தாறு. தபால் போகாது. குரல்தான். அவனே போன்ல சொல்லணும். அவன் சொல்லணும்னா நம்ம அவன்கிட்டப் பேசணும். பேசணும்னா தீர்மானம் வேணும்.

— போடுய்யா, சீக்கிரம்.

— ‘ஏழாவது தீர்மானம்: ரோனன் அவர்கள் மீதான புறக்கணிப்பு இக்கணம் முதல் நீக்கப்படுகிறது.’ முன்மொழிகிறேன்.

— வழிமொழியறேன்.

— எதிர்ப்பு யாரும் இல்ல. தம்பி ரோனன், வணக்கம்ப்பா. வலிக்குதா?

— ஏ ஆடே, இவங்களுக்கு இப்ப என்ன வேணுமாம்?

— இந்தக் கிண்டல்தான் வேணாங்கறது. மாமன்டா நான். ஞானஸ்நானத்துல உன்னைத் தூக்கிட்டு நின்னவன். நீ முன்னாடியே சொல்லியிருந்தா இப்படி ஆயிருக்குமா?

— அண்ணே, ‘முன்னாடியே சொல்லியிருந்தா’ங்கறதைக் குறிப்புல சேக்க வேணாம்னு நெனைக்கறேன்.

— சேக்காத. கண்ணு, பெல்ட்டை அவுத்துட்டேன் பாரு. கையைத் தூக்கிப் புடி, ரத்தம் நிக்கட்டும். நீயும் எங்க கட்சிதான், எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு. சொல்லப்போனா நாங்க இந்தக் கூட்டம் போடறதுக்கு முன்னாடியே நீ முடிவு பண்ணியிருக்க. ஊரே உன்னைத் தோள்ல தூக்கும். கறி வேணுமா? ஒரு வருஷத்துக்கு ஓசி.

— உங்க பக்கம் நிக்கறதுக்கு இப்ப எனக்குக் கூச்சமா இருக்கு மாமா.

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வாத்தியாரே, போனைப் போடு.

— போட்டாச்சு. மணி அடிக்குது. பதினொண்ணு அம்பத்தொண்ணு. தம்பி, ரெண்டே வார்த்தை, ‘நான் வரலை’. அந்த இருபத்தேழு பேரை நெனச்சுக்க. மத்ததை மறந்துடு.

— எடுத்துட்டாங்களா? அவன் காதுகிட்ட வை. இந்தக் காது இல்லய்யா, இந்தப் பக்கம் வீங்கியிருக்கு.

— பேசு தம்பி.

— ஹலோ, நான் ரோனன், பாலிகாராவில இருந்து. ஆமா, பத்திரிகையில வந்தது நேத்து வரைக்கும் நெஜம்தான். இல்ல, இப்ப மனசு மாறிடுச்சு. இடது கை விரல் நாலும் போச்சு, கட்டுப் போட்டுக்கிட்டு வரணும். அதனால ஒண்ணும் இல்லங்க, அந்த மேடையில வாத்தியம் எதையும் எவனும் நெஜமா வாசிக்கறதில்லையே, எல்லாம் முன்னாடியே பதிவு பண்ணதுதானே, பிடிலைச் சும்மா கழுத்துல வச்சுக்கிட்டு நின்னாப் போதும். பாட்டு மட்டும்தான் நேரா. தொண்டை நல்லாத்தான் இருக்கு, இங்க யாரும் அதைத் தொடலை. விமானம் எத்தனை மணிக்கு?