கவுத்து வச்ச தட்டு

இல்லண்ணே, சாவி தொலையல. சாவி இங்க குடியிருக்கற என் தம்பிகிட்டதான் இருக்கு. நான் அவனோட அக்கா. திறங்கன்னு வீட்டுக்காரரே போன்ல சொன்னாரே, நீங்களும் கேட்டீங்களே, இன்னும் சந்தேகமா? சரி, சந்தேகப்படறதும் நல்லதுதான். பூட்டு திறக்கறவரு கண்டவங்களுக்கெல்லாம் திறந்து விட்டா ஊரு என்னாகறது. கம்பிய மட்டும் விட்டுடாதீங்க. கை அது பாட்டுக்கு வேலை பாக்கட்டும், காதை இங்க குடுங்க. இந்தா, போனைப் பாருங்க. இதான் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை. தெனம் ஒரு போட்டோ, ஒரு வருஷமா. பைத்தியமான்னு கேக்காதீங்க, அம்மா கேட்டாச்சு.

எங்க வீட்ல ஒரு பழக்கம். ராத்திரி சாப்பாட்டுக்கு யாராவது வர நேரமானா, அவங்க தட்டைக் கவுத்து வச்சுடுவோம். வந்தவங்க கை கழுவிட்டு அவங்களே நிமித்திக்கணும். சொந்தமா லேத்துப் பட்டறை போடறதுக்கு முன்னாடி அப்பா மில்லுல ஷிப்ட்டு பாத்தவரு, அப்ப வந்த பழக்கம். தட்டு கவுந்திருந்தா ஆள் வரணும்னு அர்த்தம். அதுவரைக்கும் அம்மா பாத்திரத்தை ஒழிச்சுப் போடமாட்டா.

போன வருஷம் தம்பி, ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற பட்டறைக்கு வேலைக்குப் போயிட்டான். அந்த முதலாளி அப்பாவுக்குப் போட்டிக்காரன். அப்பாகிட்ட இருந்தா இவன் என்னைக்கும் எடுபிடி, அங்க போனா மேஸ்திரி. தப்பில்லைல்ல? அதை அப்பாகிட்ட யாரு சொல்றது. இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னுட்டாரு. இவன் மட்டும் சளைச்சவனா? உங்க சோத்துல இனி கை வைக்கமாட்டேன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். ரெண்டும் ஒரே அச்சு.

அன்னைக்கு ராத்திரி அந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? தானே எழுந்து போயி அவன் தட்டை எடுத்துட்டு வந்து கவுத்து வச்சாரு. சட்டுனு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பிட்டேன். மறுநாளும் வச்சாரு, மறுநாளும் எடுத்தேன். அப்படியே ஒட்டிக்கிச்சு.

என்னண்ணே, சத்தம் கேட்டுதே? ஓ, கம்பி வழுக்கிடுச்சா. பரவால்ல, நிதானமாப் பண்ணுங்க. ரொம்ப நிதானமும் வேண்டாம்.

ஆரம்பத்துல எடுத்ததுல பூரா என் கட்டைவிரல்தான் விழுந்திருக்கு, பாருங்க. இது கரண்ட் போன அன்னைக்கு, ஒரே இருட்டு, ஆனாலும் அனுப்பினேன். அம்மா எதுலயும் இருக்கமாட்டா. போனைத் தூக்கினாலே என் மூஞ்சி எதுக்குடின்னு நகந்துடுவா, முழங்கை மட்டும் தெரியும். இப்படி வரிசையாத் தள்ளிப் பாருங்க, அப்பா எப்படி இளைச்சிருக்காரு. சட்டைக் காலருக்குள்ள கழுத்து ஆடுது. போட்டோல பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது. தெனம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டு என்னத்தப் பாத்தேனோ.

பதிலா? ஒண்ணும் போடமாட்டான், அழுத்தக்காரன். பாத்துட்டான்னா ரெண்டு டிக்கும் நீலமாகும்ல, அது ஆகும். எனக்கு அது போதும். ஒரே ஒரு தடவை எழுதினான். அம்மா ஏதோ நெனப்புல அவன் தட்டை நிமித்தி வச்சுட்டா, நானும் கவனிக்காம எடுத்து அனுப்பிட்டேன். அடுத்த நிமிஷமே கேட்டான், யாரு வந்திருக்கான்னு. அம்மா மறந்துட்டாடான்னு போட்டேன். அதோட சரி. ஆனா அந்த ஒரு கேள்விய வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் சந்தோஷமா இருந்தேன் தெரியுமா! தன் எடத்துல வேற யாரோ உக்காந்துட்டாங்களோன்னு பதறியிருக்கான் பாருங்க.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன். இன்னைக்குக் காலைல செருப்பு மாட்டிக்கிட்டே, என் பக்கம் திரும்பாம கேக்கறாரு, முந்தாநேத்துலேந்து அவன் பாக்கலையாம்மான்னு. உங்களுக்கு யாருப்பா சொன்னதுன்னேன். உன் மூஞ்சி சொல்லுதுன்னாரு. நான் போனை எடுக்கறதுக்கு முன்னாடி தெனம் அந்தத் தட்டைத் துடைச்சு, விளக்கு வெளிச்சம் படற மாதிரி நகத்தி வைப்பாரு. மனுஷனுக்கு வயசாக ஆகச் சுத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு இருந்தேன், மரமண்டை.

ஆமாண்ணே, பாக்கல. ஒத்த டிக்கோட நிக்குது. போன் அணைஞ்சு கெடக்கு. பட்டறைல கேட்டா, சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டான்னு அவங்க திட்டறாங்க. அப்பா கீழ வண்டில உக்காந்திருக்காரு. மேல வரக் கால் வரலையாம்.

என்ன, திறந்துக்கிச்சா? இருங்க, இருங்க, தள்ளாதீங்க. அந்தச் செருப்பை மிதிச்சுடாதீங்கண்ணே, அவனோடதுதான்.

நீங்க மொதல்ல உள்ள போங்க. போயி விளக்கைப் போட்டுட்டு ஒரு குரல் குடுங்க. யாருடா என் வீட்டுக்குள்ளன்னு எழுந்து கத்தினான்னா, அக்கா வாசல்ல நிக்கறான்னு சொல்லுங்க. எவ்வளவு வேணா திட்டட்டும்.