பாகத்துக்கும் அதே வாசல்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பொறியாளர் செண்பகம் அம்மாவைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பத்தாரே, அவரோடு கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பிள்ளைகளே, சங்கு குளிக்கும் என் தம்பிமாரே! பர்னபாஸின் வணக்கம்.

நாம் தண்ணிக்கு அடியில் கிடக்கும்போது, நங்கூரம் இழுபட்டுப் படகு விலகினால் மணி அடிக்கிறதே, அதற்குப் புரோகிராம் எழுதியது யார்? செண்பகம் அம்மா அல்லவா!

மூன்று வருசத்துக்கு முன்னால், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மருமகன் டெரன்ஸ் மேலே வந்து பார்க்கிறான், படகைக் காணோம். முக்கால் மணி நேரம் மிதந்தான். மணி பிந்தித்தான் அடித்திருக்கிறது. மறுநாள் அந்த அம்மாவே கரைக்கு வந்தார். நான் விட்டேனா?

"ஏளா, ஆள் செத்த பெறவுதான் ஒன் மிஷினு மணி அடிக்குமோ?"

"தப்பு எங்களுதுதான் அண்ணாச்சி" என்றார்.

அம்மா விளக்கினார்: ஆழத்தை அளக்க மீன்பிடிப் படகுக்கு மீட்டர், நமக்குப் பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம். ஒரு வேலைக்கு எந்தெந்த வகை உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதிவைப்பது இன்டர்ஃபேஸாம். அப்படி வரக்கூடிய வகைகளின் கூட்டம் டைப் செட்டாம். வாசலில் 'தசம எண்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாகமும் தசம எண்தான். ஆனால் தனிப் பேர் வைத்ததால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதனால் பாகத்துக்கென்று அந்தப் புரோகிராமுக்கே தனியாக ஒரு நகல். பிற்பாடு மூலத்தைத் திருத்தியவர்கள் நகலை மறந்துவிட்டார்கள், அதனால்தான் நம் படகில் மணி பிந்தியது. நகல் எடுத்தவன் பேரை அம்மா சொன்னாரா? சொல்லவில்லை! அம்மாவோடு வந்திருந்த, அவரிடம் வேலை பார்க்கும் பேச்சிராஜாதான் தானாக எழுந்து, "நாந்தான் அண்ணாச்சி" என்றான்.

அம்மா அந்த நகலை அழித்தார். 'தசம எண்' என்பதற்கு முன்னால் ஒரு நெளிகோடு போட்டார். "இனி பேரு என்னவா இருந்தாலும், அடியில தசம எண்ணா இருந்தா உள்ள வரும்."

"அப்போ மீட்டரும் பாகமும் கலந்துறாதா?"

"கலக்காது அண்ணாச்சி. வாசல்தான் ஒண்ணு. அதது பேரு அததுக்கு."

நேற்று, அம்மாவை எடுத்த வீட்டு வாசலில், பேச்சிராஜா அழுதான். "வேம்பார் படகுக்காரங்க கெஜத்துல கேக்காங்க, அதுவும் முழு எண்ணுல. அம்மா எழுதின வரியத் தொட கை வரல. தனியா ஒரு நகல் எழுதிரட்டுமா?"

ஏலே பேச்சிராஜா, இந்தச் சபை கேட்கச் சொல்கிறேன். தொடு! அது கல்லறை இல்லலே, வாசல். அதே வரியில், 'அல்லது' என்று அர்த்தமாகும் நிமிர்ந்த கோடு ஒன்று போட்டு, நெளிகோட்டோடு முழு எண்ணையும் சேர். கீழே தனி வரியில் எழுதிவிடாதே. அப்படி எழுதினால் ஒரே நேரத்தில் தசம எண், முழு எண் இரண்டாகவும் இருப்பதுதான் உள்ளே வர முடியும், அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று அம்மா சொல்லிச் சிரித்தது என் காதில் இருக்கிறது.

செண்பகம் அம்மா! உங்கள் வேலை நிற்காது. திருத்தின மறுநாள் வேம்பார் கடலில் டெரன்ஸ் இறங்குவான். படகில் நானும் பேச்சிராஜாவும் இருப்போம். நங்கூரத்தை நானே இளக்கிப் படகை விலக விடுவேன். மணி அடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டோம்.